ரயில் போன வழி, தண்ணீர் போகும் வழி

பர்மிங்ஹாமுக்குக் குடிவந்த புதிதில் என் மனைவி இந்த ஊருக்குக் கொடுத்த முதல் நற்சான்றிதழ், "இங்க துவரம்பருப்பு சீக்கிரம் வேகுதுங்க" என்பதுதான். லண்டனில் இருந்தபோது கெட்டிலின் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்துகொண்டே இருக்கும். வினிகர் ஊற்றிக் கொதிக்கவிட்டுச் சுரண்ட வேண்டும். இங்கே அந்த வேலையே இல்லை. பர்மிங்ஹாம் குழாயில் வருவது பெரும்பாலும் வேல்ஸ் மலைகளில் பெய்த மழை. எலான் என்ற பள்ளத்தாக்கில் தேக்கி, 118 கிலோமீட்டர் தூரம் கால்வாயிலும் குழாயிலும் கொண்டுவருகிறார்கள். சுண்ணாம்பு மிகக் குறைவான தண்ணீர்.

சைக்கிள் பதிவில் பருப்புக்கு என்ன வேலை என்று கேட்கலாம். இருக்கிறது. அந்தத் தண்ணீருக்காக அணை கட்டியவர்கள், கல்லும் சிமெண்டும் ஏற்றிப்போக மலைக்குள் ஒரு ரயில் பாதை போட்டார்கள். அணை முடிந்த பிறகு தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டார்கள். மிஞ்சிய தடத்தில்தான் இன்றைக்குச் சைக்கிள் ஓடுகிறது. கார் வராது, லாரி வராது, பின்னால் யாரும் ஹாரன் அடிக்க மாட்டார்கள்.

"கார் தொல்லை இல்லாம மலையில ஓட்ட எங்க போகலாம்?" என்று நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் நான் ஒன்றைத் திருப்பிக் கேட்பேன்: அந்தப் பாதையை யார், எதற்காகப் போட்டார்கள்? மலையில் சைக்கிளுக்கென்றே பாதை போடுகிறவர்கள் அபூர்வம். ரயில்காரன் போட்டிருப்பான், அணைக்காரன் போட்டிருப்பான், மரம் வெட்டுகிறவன் போட்டிருப்பான், ஆடுமாடு ஓட்டிப்போனவர்கள் நடந்து நடந்து உண்டாக்கியிருப்பார்கள். துறவிகள் போட்ட பாதைகூட இருக்கிறது. யார் போட்டது என்று தெரிந்துவிட்டால் எவ்வளவு ஏற்றம், எங்கே சேறு, எங்கே இறங்கித் தள்ள வேண்டும் என்பதைக் கிளம்புவதற்கு முன்பே ஓரளவு சொல்லிவிடலாம். செல்போன் ஆப் காட்டும் வண்ணக் கோடுகளைவிட இதைத்தான் நான் நம்புகிறேன். எலான் பக்கம் இந்த வகைகள் எல்லாமே ஒருநாள் ஓட்டும் தூரத்துக்குள் கிடைக்கின்றன.

ரயில் தடத்தில் தொடங்குவோம். ரயடர் நடு வேல்ஸில் வை ஆற்றங்கரையில் இருக்கும் சின்னச் சந்தை ஊர். நாலு தெரு கூடும் இடத்தில் ஒரு மணிக்கூண்டு, சுற்றிலும் கடைகள், அவ்வளவுதான் ஊர். ஆற்றைத் தாண்டி மேற்கே போனால் எலான் பள்ளத்தாக்குத் தடம் ஆரம்பிக்கிறது. மொத்தம் 9 மைல், அதாவது 14 கிலோமீட்டர் சொச்சம். எடுத்த எடுப்பிலேயே ஒரு மேடு வரும். அதற்கு அடியில் பழைய ரயில் சுரங்கம் இருக்கிறது. அதை வௌவால்களுக்கு விட்டுவிட்டு, சைக்கிளை மேலே ஏற்றிவிட்டிருக்கிறார்கள். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை.

மேட்டைத் தாண்டியதும் ரயில் புத்தி தெரிய ஆரம்பிக்கும். கல் பாரத்தை இழுக்கிற நீராவி எஞ்சினால் செங்குத்தாக ஏற முடியாது. அதனால் பாறையை வெட்டி, பள்ளத்தை மண்போட்டு நிரப்பி, மலை ஓரமாகவே வளைத்து வளைத்துப் பாதையைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தியிருக்கிறார்கள். போகும்போது ஏறுகிறோம் என்றே தோன்றாது. திரும்பி வரும்போது மிதிக்காமலே வண்டி உருளுவதைப் பார்த்துத்தான் இவ்வளவு ஏறியிருக்கிறோமா என்று தெரியும். அணைகளுக்குப் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் மூச்சு வாங்கும். பத்து வயதுப் பிள்ளையையும் எழுபது வயது மாமனாரையும் சேர்த்தே கூட்டிப்போகலாம். கிராவல் சைக்கிள் என்று தனியாக வாங்கவும் வேண்டாம். சாதாரண ஹைபிரிட் வண்டி போதும்.

பார்வையாளர் மையம் வரைக்கும் தார். அதற்கு மேலே கல்தூள் கொட்டி இறுக்கிய தளம். நம் ஊரில் கிரஷர் டஸ்ட் என்கிறோமே, அந்த மாதிரி. காய்ந்திருந்தால் டயருக்கு அடியில் ஒரே சீராக நறநறவென்று சத்தம் வரும். மழை பெய்துவிட்டால் அந்தத் தூளே சாம்பல் நிறக் களிம்பாகிச் செயினில் அப்பிக்கொள்ளும். கியர் மாற்றும்போதெல்லாம் மணலை மெல்லுகிற சத்தம் கேட்கும். ஒரு பாட்டில் தண்ணீரைச் செயினுக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். இங்கே ஆண்டுக்குச் சராசரி 1,830 மில்லிமீட்டர் மழை. அணைக்கு இடம் தேடியவர்கள் மழை பெய்கிற இடமாகப் பார்த்துத்தான் தேடினார்கள், அது கோடையில் மட்டும் நமக்காக நிற்கப்போவதில்லை.

19ஆம் நூற்றாண்டில் பர்மிங்ஹாம் தொழிற்சாலைகளோடு சேர்ந்து வீங்கியது. அசுத்தத் தண்ணீரால் டைஃபாய்டும் காலராவும் வயிற்றுக்கடுப்பும் ஊரைப் பிடித்து ஆட்டின. 1892இல் நகராட்சி பாராளுமன்றத்தில் ஒரு சட்டம் வாங்கி, எலான் பள்ளத்தாக்கை எடுத்துக்கொண்டது. மறுவருடமே வேலை தொடங்கியது. பொறியாளர் பெயர் ஜேம்ஸ் மேன்சர்க். 1904 ஜூலை 21 அன்று ஏழாம் எட்வர்ட் மன்னர் வந்து திறந்துவைத்தார். கபன் கோஹ், கரெக் தீ, பென் அ கரெக், க்ரைக் கோஹ் என்று தடத்தின் ஓரமாக வரிசையாக வருபவை அந்த அணைகள்தான்.

வேலைக்கு வந்தவர்களுக்காக மரத்தால் ஒரு ஊரே கட்டியிருந்தார்கள். புதிதாக வருகிறவர் நேராக உள்ளே போக முடியாது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு கொட்டகையில் தங்கவைத்து, பேன் பார்த்து, குளிக்கவைத்து, நோய் இல்லை என்று உறுதியான பிறகுதான் பாலத்தைத் தாண்ட விடுவார்கள். பாலத்தில் காவலாள் வேறு, யாராவது சாராயம் கடத்திப்போகிறார்களா என்று பார்க்க. இன்று அந்த இடத்தில் கல்வீடுகளோடு அழகான சிற்றூர் ஒன்று இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது கரெக் தீ. அது தண்ணீருக்கு அடியில் இருக்கும் அணை. மேலே தெரிவது அதன் முதுகில் நிற்கும் பாலம் மட்டும். கீழே இருக்கிற கபன் கோஹ் நீர்த்தேக்கத்தில் தண்ணீர் இறங்கிப்போனாலும், இந்த மூழ்கிய சுவருக்கு மேற்புறம் தண்ணீர் ஒரு மட்டத்துக்குக் கீழே போகாது. அந்த மட்டத்தில்தான் பர்மிங்ஹாமுக்குத் தண்ணீர் எடுக்கும் ஃபோயல் கோபுரம் இருக்கிறது. அங்கிருந்து பர்மிங்ஹாம் எல்லையில் இருக்கும் ஃப்ராங்க்லி நீர்த்தேக்கம் வெறும் 52 மீட்டர்தான் தாழ்வு. அந்தச் சின்ன வித்தியாசத்தை வைத்துக்கொண்டு, சராசரியாக 2,300 அடிக்கு ஓர் அடி சரிவு என்று கணக்குப் போட்டு, பம்பு எதுவும் இல்லாமல் தண்ணீரைத் தானாக ஓடவிட்டிருக்கிறார்கள். மணிக்கு இரண்டு மைலுக்கும் குறைவான வேகம். வந்து சேர ஒன்றரை நாள் ஆகும். மலையில் சைக்கிள் ஓட்டுகிறவனுக்குத்தான் அந்த 2,300இன் அருமை தெரியும்.

ஒருமுறை தேனிக்காரத் தம்பி ஒருவர் கூட வந்திருந்தார். கபன் கோஹ் அணை வழிந்து கொட்டுவதைப் பார்த்துக்கொண்டே, "அண்ணே, எங்க ஊர்ல பென்னிகுக்குக்குப் பொங்கல் வைப்பாங்க. இங்க இந்த மேன்சர்க்குக்கு யாராச்சும் வைக்கிறாங்களா?" என்றார்.

"எப்படி வைப்பாங்க தம்பி? பெரியாறு விஷயத்துல நாம தண்ணி வாங்கின பக்கம். இவங்க கொடுத்த பக்கம்."

ஒரே காலத்துக் கதைகள்தான் இரண்டும். முல்லைப் பெரியாறு அணை 1895இல் முடிந்தது. அப்போது இங்கே வேலை தொடங்கி இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. எலானில் சுமார் நூறு பேர் வீட்டைக் காலி செய்தார்கள். பண்ணைகள், ஒரு தேவாலயம், ஒரு பள்ளிக்கூடம் எல்லாம் தண்ணீருக்குள் போயின. நிலச்சொந்தக்காரர்களுக்கு இழப்பீடு கிடைத்தது. குத்தகைக்காரர்களுக்கும் கூலியாட்களுக்கும் ஒன்றும் இல்லை. ஆங்கிலக் கவிஞர் ஷெல்லி இளவயதில் தங்கியிருந்த இரண்டு மாளிகைகளும் உள்ளேதான் கிடக்கின்றன. அதில் நான்ட்க்வில்ட் வீட்டின் தோட்டச் சுவர் கடும் வறட்சி வந்தால் வெளியே தலைகாட்டும். நாம் ஜாலியாகச் சைக்கிள் மிதிக்கிற பாதைக்கு யாரோ விலை கொடுத்திருக்கிறார்கள் என்பது இந்தப் பள்ளத்தாக்கில் ஒவ்வொரு வளைவிலும் எழுதியிருக்கிறது. நான் அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவன் வேறு.

கபன் கோஹ் நீர்த்தேக்கத்தின் ஓரத்தில், வேலையாட்கள் ஊருக்குத் தண்ணீர் தருவதற்காகக் கட்டிய நான்ட் அ க்ரோ என்ற குட்டி அணை ஒன்று நடுவில் பிளந்து கிடக்கிறது. 1942இல், உலகப் போரின் நடுவே, பிரிட்டிஷ் பொறியாளர் பார்ன்ஸ் வாலிஸ் குழுவினர் ஜெர்மானிய அணைகளை எப்படி உடைக்கலாம் என்று வெடிவைத்துப் பார்த்தது இதில்தான். அடுத்த வருடம் மே மாதம் மோனே, ஏடர் அணைகள் உடைந்தன.

தடத்தின் கடைசி நிலையம் க்ரைக் கோஹ். வளைந்த அணை, மேலே சிறு வளைவுகளோடு பாலம். அணை வரிசையில் இதுதான் அழகி. குடும்பத்தோடு வந்தவர்கள் இங்கிருந்து திரும்பிவிடலாம். இனி சொல்லப்போவது கொஞ்சம் முரட்டு வழி.

க்ளைர்வென் பாதைக்குப் போக, கரெக் தீ பாலத்தைத் தாண்டி இடதுபுறமாகப் போகும் சிறு தார்ச்சாலையைப் பிடிக்க வேண்டும். அணையோடு முடிந்துபோகும் சாலை என்பதால் வண்டிகள் குறைவு. வழியில் டோல் அ மனாஹ் என்ற இடத்தில் பாதி கட்டி நின்றுபோன ஓர் அணையின் அடித்தளம் தெரியும். பிற்காலத்துக்குத் தேவைப்படும் என்று முன்கூட்டியே போட்டு வைத்தது. பிற்காலம் வந்தபோது அவர்கள் மனம் மாறி, மேலே ஒரே பெரிய அணையாகக் க்ளைர்வென்னைக் கட்டிவிட்டார்கள். 56 மீட்டர் உயரம். ராணி எலிசபெத் பட்டத்துக்கு வந்த அதே வருடம், 1952 அக்டோபரில் திறந்தது. உள்ளே கான்கிரீட், வெளியே கல் முகப்பு. பிரிட்டிஷ் கல்தச்சர்கள் போரில் இடிந்த பாராளுமன்றத்தைத் திரும்பக் கட்டுவதில் மும்முரமாக இருந்ததால், இத்தாலியிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து கல் செதுக்கினார்கள்.

அணைக்கு மேலே தார் முடிந்து கப்பி ரோடு ஆரம்பிக்கிறது. இதுதான் அசல் கிராவல். நீர்த்தேக்கத்தின் வடகரையை ஒட்டியே போகும். மட்டம் மாறாமல் கரையோடு போகிற பாதை என்றால் ஏற்றம் இருக்காது என்று நினைக்கலாம். பெரிய ஏற்றம் இல்லைதான், ஆனால் தூரம் ஏமாற்றும். ஒவ்வொரு ஓடையும் நீர்த்தேக்கத்தில் சேரும் இடத்தில் தண்ணீர் மலைக்குள் விரல் விட்டிருக்கும். எதிரே நாம் போகவேண்டிய பாதை கூப்பிடு தூரத்தில் தெரியும். அங்கே போய்ச் சேர உள்ளே வளைந்து, ஓடையைக் கடந்து, திரும்ப வெளியே வர வேண்டும். அடுத்த விரலில் மறுபடியும் அதே கதை. மரம் கிடையாது, வீடு கிடையாது, போனில் சிக்னல் கிடையாது. ஓடையில் வரும் தண்ணீர் கரிமண் ஊறி, பால் விடாத டீ நிறத்தில் இருக்கும். எப்போதாவது பண்ணைக்காரரின் வண்டி ஒன்று வந்தால், ஒதுங்கி நின்று கை காட்டுவோம், அவரும் ஒரு விரலை ஸ்டியரிங்கிலிருந்து தூக்குவார்.

இந்தப் பகுதிக்கு டயர் முக்கியம். நான் 45 மில்லிமீட்டர் ட்யூப்லெஸ் போட்டிருக்கிறேன், காற்றை 35 பி.எஸ்.ஐ.க்கு மேல் ஏற்றுவதில்லை. கல்லென்று அடித்துக்கொண்டு வந்தால் ஒவ்வொரு கப்பியும் முதுகெலும்பு வரைக்கும் வந்து விசாரிக்கும். பாதை நெடுகத் தண்ணீர் தேங்கிய குழிகள். ஓரமாக ஒதுங்கிப் போவதைவிட நடுவில் மெதுவாகப் போவது மேல், ஏனென்றால் ஓரத்தில்தான் மண் இளகியிருக்கும். கேட் வரும். ஒரு கையில் சைக்கிள், மறு கையில் ஸ்பிரிங் வைத்த இரும்புத் தாழ்ப்பாள். இழுத்துப் பிடித்து முழங்காலால் தள்ளி, வண்டியை உள்ளே விட்டு, கணீரென்று சாத்தும் வரைக்கும் நாலைந்து செம்மறி ஆடுகள் வேலை மேற்பார்வை பார்க்கும். மூடியிருந்ததை மூட வேண்டும், திறந்திருந்ததைத் திறந்தே விட வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் பண்ணைக்காரர்கள் கறாரானவர்கள், அவர்கள் பக்கம்தான் நியாயம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொது நடைபாதையில் சைக்கிள் ஓட்ட உரிமை இல்லை. குதிரைப் பாதையில் உண்டு, 1968ஆம் வருடச் சட்டத்திலிருந்து. ஆர்டனன்ஸ் சர்வே எக்ஸ்ப்ளோரர் வரைபடத்தில் குட்டிக் குட்டிப் பச்சைக் கோடு நடைபாதை, நீட்டுப் பச்சைக் கோடு குதிரைப் பாதை. எலானுக்கு 200ஆம் எண் தாள். தாள் வரைபடமா என்று சிரிப்பவர்கள் க்ளைர்வென்னில் போனை எடுத்துப் பார்க்கட்டும். ஸ்காட்லாந்தில் 2003 சட்டத்துக்குப் பிறகு ஏறக்குறைய எங்கேயும் பொறுப்போடு ஓட்டலாம். வேல்ஸில் அந்தச் சுதந்திரம் இன்னும் வரவில்லை.

வரைபடத்தைப் பார்க்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ரயடர் பக்கத்திலிருந்து மேற்கே ஸ்ட்ராட்டா ஃப்ளோரிடா மடம் வரை ஒரு கோடு மலைக்கு மேலே நேராகப் போகும். ஆசை வரும். அதுதான் துறவிகள் பாதை. இரண்டு சிஸ்டர்சியன் மடங்களுக்கு நடுவே நடந்துபோனவர்களின் வழி. நடக்கிற காலுக்கு வடிகால் தேவையில்லை. அதனால் பாதை சதுப்புக்குள் அப்படியே இறங்கிவிடுகிறது. பிற்காலத்தில் மோட்டார் வண்டிகள் வேறு உழுது வைத்திருக்கின்றன. முழங்கால் வரை கரிமண்ணில் நின்றுகொண்டு சைக்கிளைத் தோளில் தூக்குவதில் பக்தி இருக்கலாம், சுகம் இல்லை. காட்டிலாகாப் பாதைகளும் எனக்கு அவ்வளவாக ஒட்டாது. லாரிக்காகப் போட்டவை, ஏற்றம் முரடு, கல் முரடு, இரண்டு பக்கமும் வரிசை வரிசையாகச் சிட்கா ஸ்ப்ரூஸ், வெளிச்சமே வராது. பாதி வழியில் மரம் அடுக்கும் மைதானத்தில் போய் முடிந்துவிடும்.

க்ளைர்வென் முடிந்து மேலே ஏறினால் டைவி ஏரிகள். பாறைகளுக்கு நடுவே சின்னச் சின்ன ஏரிகள். இதற்குக் கிழக்கே விழுகிற மழை வை ஆற்றோடு போகிறது, அல்லது என் வீட்டுக் கெட்டிலுக்கு வருகிறது. மேற்கே விழுவது டைவி ஆறாகிக் கார்டிகன் வளைகுடாவில் கலக்கிறது. வானம் தெளிந்திருந்தால் அந்தக் கடலே இங்கிருந்து ஒரு கோடாகத் தெரியும். தலைக்கு மேலே வால் பிளந்த செந்நிறப் பருந்துகள். பிரிட்டன் முழுக்கச் சுட்டும் விஷம் வைத்தும் தீர்த்துவிட்ட இந்தப் பறவை, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடு வேல்ஸ் மலைகளில் மட்டும் சில ஜோடிகளாக மிஞ்சியிருந்தது. இன்று எண்ண முடியாத அளவுக்குச் சுற்றுகின்றன.

இங்கிருந்து இறக்கம்தான், மடம் வரைக்கும். ஸ்ட்ராட்டா ஃப்ளோரிடா 1164இல் நிறுவப்பட்டது. இப்போது நிற்பது மேற்கு வாசல் வளைவும் சில சுவர்களும். 14ஆம் நூற்றாண்டின் பெரிய வேல்ஸ் கவிஞர் தாவித் ஆப் க்விலிம் அங்கே ஒரு யூ மரத்தடியில் புதைக்கப்பட்டிருப்பதாக நம்புகிறார்கள். கவிஞரைப் பார்க்க வருகிறவர்கள் தவறவிடும் ஒரு கல்லறை பக்கத்திலேயே இருக்கிறது: 1756இல் பீப்பாய் செய்யும் ஒருவருடைய இடது காலை வெட்டி எடுத்ததும், அந்தக் காலை மட்டும் இங்கே முறைப்படி அடக்கம் செய்து கல் நட்டிருக்கிறார்கள். அவ்வளவு தூரம் மிதித்துவிட்டு வந்து அதைப் படித்தபோது எனக்கு மிகவும் நியாயமான காரியமாகவே பட்டது.

மறுபடியும் ரயில். மடத்துக்குச் சில கிலோமீட்டர் மேற்கே மான்செஸ்டர் அண்ட் மில்ஃபோர்ட் ரயில்வே என்ற கம்பெனியின் பழைய பாதை ஓடுகிறது. பெயர்தான் அப்படி, அந்தக் கம்பெனி மான்செஸ்டருக்கும் போகவில்லை, மில்ஃபோர்டுக்கும் போகவில்லை. இடையில் மலைதான் இருந்தது, பணம் இல்லை. இந்த வட்டாரத்தில் அவர்கள் விட்டுப்போனது இன்று இஸ்த்வித் தடம்: ட்ரெகாரனிலிருந்து அபெரிஸ்த்வித் கடற்கரை வரை 21 மைல். இடையிடையே சாலையில் ஏறி இறங்க வேண்டியிருக்கும், முழுக்கக் கார் இல்லாத வழி என்று சொல்ல முடியாது. ஆனால் கோர்ஸ் கரோன் சதுப்பின் ஓரமாகப் போகும் பகுதியைப் பார்த்துவிட்டால் அந்தக் குறையை மன்னித்துவிடுவீர்கள். ரயில்காரர்கள் உயரமாகக் கரை போட்டு வைத்ததால், இரண்டு பக்கமும் ஊறிக் கிடக்கிற நிலத்துக்கு நடுவே நாம் மட்டும் காய்ந்த தரையில் போகலாம். துறவிகளும் பார்த்துக் கற்றிருக்கலாம்.

இதையெல்லாம் ஒரே கோடாக இணைப்பதுதான் நான் எல்லோருக்கும் சிபாரிசு செய்யும் வழி. பர்மிங்ஹாமிலிருந்து ஷ்ரூஸ்பரி மாறி, லாண்ட்ரின்டாட் வெல்ஸ் வரை ரயில். அங்கிருந்து சாலையில் ரயடர், பிறகு எலான், க்ளைர்வென், டைவி ஏரிகள், மடம், இஸ்த்வித் தடம், கடல். ஏறக்குறைய 90 கிலோமீட்டர். ஒரே நாளில் முடிக்கிற பலசாலிகள் உண்டு; இரண்டு நாளாகப் பிரித்து எலான் பக்கம் ராத்தங்கினால், தெருவிளக்கே இல்லாத வானம் கூடுதல் லாபம். பார்வையாளர் மையத்தை விட்டால் மலையைத் தாண்டி இறங்கும் வரை கடை கிடையாது, அதனால் புளிச்சோறோ சப்பாத்தி ரோலோ கட்டிக்கொண்டு போங்கள். அபெரிஸ்த்வித்திலிருந்து பர்மிங்ஹாமுக்கு நேர் ரயில் உண்டு, சுமார் மூன்று மணி நேரம். பொதுவாக ஒரு ரயிலில் இரண்டு சைக்கிளுக்குத்தான் இடம், முன்பதிவு செய்துவிடுவது உத்தமம். மூன்று பேராகக் கிளம்புகிறவர்கள், யாரை அடுத்த ரயிலுக்கு விட்டுவிட்டு வருவது என்பதை வீட்டிலேயே பேசி முடித்துவிடுங்கள்.